லேப்டாப் பேசாமல் இருந்த நான்கு நாட்கள்

என் லேப்டாப்பில் கோளாறு வந்ததை நான் காதால்தான் தெரிந்துகொண்டேன். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. தாம்பரத்தில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். வீடு ஊரப்பாக்கத்தில். காலையில் மின்சார ரயிலில் போய், மாலையில் அதே ரயிலில் திரும்பி வருகிறேன். கேள்வித்தாள், பாடக்குறிப்பு, மதிப்பெண் பட்டியல் எல்லாம் லேப்டாப்பில்தான். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் ஒரு மென்பொருள் அதில் உண்டு. அது படிக்க, நான் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்வேன். அது பேசாவிட்டால் அந்த லேப்டாப் எனக்கு ஒரு பலகைதான்.

பத்து வருடத்துக்கு முன் வாங்கியது அது. கடைசி இரண்டு வருடமாக ஆமை வேகம். ஆனால் அதன் ஒவ்வொரு கட்டமும் எனக்குத் தெரியும். பொத்தானை அழுத்தினால் முதலில் காற்றாடி ஒரு பெருமூச்சு விடும். அப்புறம் ஹார்ட் டிஸ்க் சுழல ஆரம்பித்து, எலி எதையோ கொறிப்பது போல இரண்டு மூன்று நிமிடம் கரகரக்கும். சற்று ஓயும். மறுபடி கரகரக்கும். எல்லாம் முடிந்து அந்தக் குரல் வாயைத் திறக்க எட்டு நிமிடம் ஆகிவிடும். ஆசிரியர் அறையில் அதைப் போட்டுவிட்டு நான் போய் கை கழுவி, தண்ணீர் குடித்து, டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன். இரண்டு முறை தலைமையாசிரியர் மதிப்பெண் பட்டியல் கேட்டு ஆள் அனுப்பியும் அது பேச ஆரம்பிக்கவில்லை. அப்போதெல்லாம் எரிச்சல்கூட வராது. வெறும் அலுப்புதான்.

காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த சில வாரங்களில், அந்தக் கரகரப்புக்கு நடுவே ஒரு புதுச் சத்தம் வந்தது. சன்னமாக ஒரு டக். பின் ஒரு மௌனம். பின் பழையபடி கரகரப்பு. முதல் நாள் ஒரு முறை கேட்டது. அந்த வாரக் கடைசியில் கைவிரலால் எண்ண முடியாத அளவுக்கு வந்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவள் பெருங்களத்தூரில் ஒரு மருத்துவமனையில் பில்லிங் கவுண்டரில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க டோக்கன் எண்ணைக் கத்திக் கூப்பிட்டுவிட்டு வருகிறவள். தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றாள். ஆனாலும் சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு என்னோடு கடைக்கு வந்தாள்.

கடை மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டுக்குள் போகிற வழியில். சக ஆசிரியர் ஒருவர் சொல்லி அனுப்பியது. கடைக்காரரை அந்தப் பகுதியில் எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவார்கள். குரலை வைத்து ஐம்பது வயது இருக்கும் என்று நினைத்தேன். நாங்கள் உள்ளே போனதும் அவர் என் மனைவியிடம், "மேடம், சாருக்கு இன்னா ப்ராப்ளம்?" என்று கேட்டார்.

"ப்ராப்ளம் லேப்டாப்புக்குத்தான். அவர்கிட்டயே கேளுங்க" என்றாள் அவள்.

ஜவுளிக்கடையிலும் வங்கியிலும் டாக்டரிடமும் நடப்பதுதான் இது. என் சட்டை அளவைக்கூட அவளிடம்தான் கேட்பார்கள். ஒரு காலத்தில் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது அவளே பதில் சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறேன். அவளுக்கும் அலுத்துத்தான் போயிருக்கும். ஆனால் அன்று அவள் சொன்ன விதத்தில் பாய் உடனே என் பக்கம் திரும்பிவிட்டார். குரல் வந்த திசை மாறியதில் தெரிந்தது.

டிஸ்கில் டக் டக் என்று சத்தம் வருகிறது, டிஸ்க் போகப் போகிறது என்று சொன்னேன். அவர் ஏதோ ஒரு சோதனை ஓட்டிப் பார்த்தார்.

"ஹெல்த் குட்னுதான் சார் காட்டுது. நீங்க சொல்ற சத்தம் எனக்குக் கேக்கல."

தெருவில் ஹாரன் சத்தம், தலைக்கு மேலே மின்விசிறி, பக்கத்துக் கடையில் மிக்சி பழுது பார்க்கிற இரைச்சல். எப்படிக் கேட்கும்? விசிறியை நிறுத்தி, ஷட்டரைப் பாதி இறக்கி, விசைப்பலகைக்குக் கீழே இடது மூலையில் காதை வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். கேட்பாரோ மாட்டாரோ என்ற சந்தேகம் இருந்தது. ஆனால் ஷட்டர் கிறீச்சிட்டு இறங்கியது. விசிறி ஓய்ந்தது.

"ஆமா சார்," என்றார் பாய். "கேக்குது."

அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசிய பேச்சே வேறு. பழைய டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டுவிடலாம் என்றார். அதில் சுழலும் தட்டு எதுவும் கிடையாதாம், பெரிய பென் டிரைவ் மாதிரி என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார். எட்டு நிமிடம் பத்து நொடியாகிவிடும் என்றார். பழையதில் இருப்பதெல்லாம் ஜெராக்ஸ் போட்ட மாதிரி அப்படியே புதியதற்கு வந்துவிடுமாம். என் படிக்கும் மென்பொருளும் அப்படியே வருமா என்று இரண்டு தடவை கேட்டேன். வரும் என்றார். லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் அவரிடமிருந்து போன் வந்தது.

"பேஜார் புடிச்ச டிஸ்க்கு சார் இது. பாதிகூடத் தாண்டல, நின்னு நின்னு போவுது. ஜெராக்ஸ் வேலைக்கு ஆவாது."

புதிய டிஸ்கில் சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றிவிட்டு, பழையதிலிருந்து ஒவ்வொரு ஃபோல்டராகப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். அதுவும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாதாம்.

"எது முக்கியமோ அதை முதல்ல சொல்லுங்க சார். வரிசையாச் சொல்லுங்க. ஓடுற வரைக்கும் எடுத்துடறேன்."

ஒவ்வொரு ஃபோல்டரின் பெயராகப் படித்தார். என்னிடம் மொத்தம் நான்குதான் இருந்தன. கேள்வித்தாள் முதலில் என்றேன். அதில் யோசிக்க ஒன்றுமில்லை, பிழைப்பு அது. இரண்டாவது மதிப்பெண் பட்டியல். மிச்சம் இரண்டு. ஒன்று போட்டோ, இன்னொன்று குரல்.

குரல் என்று நான் பெயர் வைத்திருந்தது, கல்லூரிக் காலத்தில் எனக்கு ஒரு பெண்மணி படித்துக் கொடுத்த புத்தகங்கள். அப்போது எங்களுக்குப் பாடப்புத்தகங்களைப் படித்துக் காட்டத் தன்னார்வலர்கள் வருவார்கள். இவர் நேரில் வர முடியாதவர். ஏதோ ஒரு அலுவலகத்தில் வேலை, வீடு குரோம்பேட்டையில். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே உட்கார்ந்து படித்து, கேசட்டில் பதிந்து, யாரிடமாவது கொடுத்தனுப்புவார். இளங்கலை வரலாறு முழுவதையும் நான் அவர் குரலில்தான் படித்தேன். பி.எட். புத்தகங்களையும் அவர்தான் படித்துக் கொடுத்தார். நடுவில் குக்கர் விசில் அடிக்கும். "ஒரு நிமிஷம் இருங்க" என்று எனக்குச் சொல்லிவிட்டு எழுந்து போவார். செருப்புச் சத்தம் போய்த் திரும்பி வரும். விட்ட வரியிலிருந்து மறுபடி தொடங்குவார். நான் அவரை நேரில் சந்தித்தது மூன்றே முறை. வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து அந்தக் கேசட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றி வைத்தேன். அப்புறம் அந்த ஃபோல்டரைத் திறந்தே பல வருடம் ஆகியிருந்தது.

போட்டோ ஃபோல்டர் என் மனைவியுடையது. எங்கள் மகள் பிறந்ததிலிருந்து பள்ளி முடிக்கிற வரைக்கும் எடுத்த படங்கள். அவற்றை எடுத்த போன்கள் எல்லாம் எப்போதோ செத்துவிட்டன. வேறு எங்கும் பிரதி கிடையாது. மகள் இப்போது திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

"சார், லைன்ல கீறீங்களா?"

என்னால் பார்க்க முடியாதது ஒன்று, கேட்க முடிவது ஒன்று. இரண்டில் எது முதலில் என்று ஒருவர் போனில் கேட்டுக்கொண்டு காத்திருக்கிறார். மனைவிக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். கவுண்டரில் இருக்கும்போது அவளால் எடுக்க முடியாது. இடைவேளை முடிந்து மணி அடித்தது.

"போட்டோ மூணாவது. குரல் கடைசி" என்றேன்.

அந்த மதியம் ஒன்பதாம் வகுப்பில் என்ன நடத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

செவ்வாய் மாலை பள்ளி விட்டதும் கடைக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. பாய் லேப்டாப்பை என் கையில் கொடுத்து, பத்தே நொடியில் திரை வந்துவிட்டது, பாருங்க சார் என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார் போல, பேச்சு ஒரு கணம் நின்றது. நான் பரவாயில்லை என்றேன். கேள்வித்தாளும் மதிப்பெண்ணும் போட்டோவும் முழுதாக வந்துவிட்டன. குரலில் இருந்த நாற்பத்தொரு பதிவுகளில் பதினான்குதான் வந்ததாம். மிச்சத்தைத் தொட்டாலே டிஸ்க் நின்றுவிடுகிறது என்றார். நான் கேட்காமலே அதை மூன்று முறை சொன்னார். என் மென்பொருளைத் தேடி இறக்கிப் போட்டிருப்பதாகவும் சொன்னார். அங்கேயே ஒரு தடவை போட்டுக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் எதுவும் கேட்டிருக்காது. ரயிலும் தாமதம் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். லேப்டாப்பை பாலிதீன் பையில் சுற்றி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமே கேட்கவில்லை. பாய் உள்ளே தூசு தட்டியிருந்தார் போல, காற்றாடியின் பெருமூச்சும் இல்லை. கரகரப்பு இல்லை. பத்து நொடி எண்ணினேன், நூறு வரைக்கும் எண்ணினேன். குரல் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். அது இப்போது இயங்குகிறதா, இல்லை இயங்கிக்கொண்டிருந்ததை நான்தான் நிறுத்திவிட்டேனா? பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துச் சூடு தெரிகிறதா என்று பார்த்தேன். ஜில்லென்றுதான் இருந்தது. பழையது எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டாலும் உயிரோடிருப்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். இது உயிரோடிருக்கிறதா என்றே தெரியவில்லை. அப்படி எத்தனை முறை அழுத்தினேனோ, கடைசியில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி நனைந்துகொண்டு வந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஆன்லதாங்க இருக்கு. எல்லாம் வந்திருக்கு. ஸ்பீக்கர் படத்து மேல மட்டும் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி இருக்கு."

பாய்க்குப் போன் செய்தேன். அவர் அந்தச் சிவப்புக் குறியைப் பற்றி இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு, "சவுண்ட் மட்டும் நான் செக் பண்ணலயே சார்" என்றார். புதிதாக ஏற்றிய சிஸ்டத்துக்கு ஒலிக்கான டிரைவர் என்கிற சின்ன மென்பொருளைத் தனியாக இறக்க வேண்டியிருந்திருக்கிறது. திரை வந்ததும் வேலை முடிந்தது என்று அவர் நினைத்திருக்கிறார். வீட்டிலேயே இறக்கிக்கொள்ள வழி சொன்னார். மனைவி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல அரை மணி நேரம் போராடினாள். அதற்குள் மழையில் இணையம் போய்விட்டது. விட்டுவிடு என்றேன்.

மழையில் நனைந்துவிடும் என்று புதன்கிழமை பள்ளிக்கு லேப்டாப் இல்லாமல் போனேன். வியாழக்கிழமை மழை விடுமுறை. மருத்துவமனைக்கு மழை விடுமுறை கிடையாது, அவள் கிளம்பிப் போய்விட்டாள். அரையாண்டுத் தேர்வுக்கான கேள்வித்தாளை நான் வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். பழைய கேள்விகள் ஆயிரக்கணக்கில் பத்திரமாக அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. எனக்கு அதில் ஒரு வரி கேட்க வழியில்லை. பகல் முழுக்கக் கேள்விகளை மனதுக்குள்ளேயே ஓட்டி ஓட்டி வரிசைப்படுத்தினேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் வந்து, காபி போட்டுக்கொண்டு, நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "சொல்லுங்க" என்றாள். நான் இன்னும் கேட்கவே இல்லை. கேட்கத்தான் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு மதிப்பெண் கேள்விகளைச் சொன்னேன். எழுதினாள். வேகமாகப் போனால் நிறுத்தச் சொல்வாள். ஒரு கேள்வி போன வருடமும் வந்ததே என்றாள்; போன வருடத் தாளைப் பிழை பார்த்தது அவள்தான். மாற்றினேன். பொருத்துக பகுதிக்கு அவள் ஸ்கேல் தேடிக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, பழையதெல்லாம் முழுசாக வந்துவிட்டதா என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். போட்டோ எல்லாம் வந்துவிட்டது என்றேன். குரல் பாதிகூட வரவில்லை என்றும் சொன்னேன்.

"ஏன் வரல?"

எதை முதலில் எடுப்பது என்று பாய் வரிசை கேட்டார், அதைக் கடைசியாகச் சொன்னேன் என்றேன். பேனாவை மேஜை மேல் வைத்த சத்தம் கேட்டது.

"உங்களுது அது ஒண்ணுதான். அதை ஏன் கடைசில சொன்னீங்க?"

"பாப்பா போட்டோ வேற எங்கயும் இல்லையே. நீ கஷ்டப்படுவன்னு."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

"கவுண்டர்ல இருப்ப."

"எடுத்திருப்பேன்" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் கோபப்படத் தெம்பு இல்லை என்பதுதான் உண்மை. கொஞ்ச நேரம் கழித்து அவள் சொன்னாள், அந்தப் போட்டோவில் பாதி தன் அண்ணன் கல்யாணத்தில் எடுத்தது, அதில் பாதிப் பேருக்குத் தலையே இருக்காது என்று. பாப்பா படங்களில் நல்லதாக ஒரு இருபது முப்பது தேறும், அதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று வருடா வருடம் நினைத்தாளாம். செய்யவே இல்லையாம். பிறகு பேனாவை எடுத்து, "அடுத்தது" என்றாள். வரைபடக் கேள்வி வரைக்கும் எழுதி முடிக்க எட்டரை ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை அவள் கையெழுத்திலேயே அதைக் கொடுத்தேன். அலுவலக எழுத்தர் தட்டச்சு செய்துகொண்டார்.

சனிக்கிழமை நான் மட்டும் கடைக்குப் போனேன். பாய் முதலில் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கால் மணி நேரத்தில் டிரைவர் ஏறிவிட்டது. நான்கு நாளுக்குப் பிறகு லேப்டாப் பேசியது, ஆனால் எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரலில், ஒவ்வொரு எழுத்தாக இழுத்து இழுத்து. தமிழ்க் குரலைப் போட்டு, வேகத்தைக் கூட்டி, பழைய அமைப்புகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய இரண்டு மணி நேரம் ஆயிற்று. பாய் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது எந்த பாஷை சார்?"

தமிழ்தான், வேகமாகப் படிக்கிறது என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு வரியை மெதுவாக ஓடவிட்டுக் காட்டிய பிறகு சிரித்தார். டீ வாங்கி வரச் செய்தார். அப்புறம் தயங்கிக்கொண்டே, வேறு யாராவது இப்படி வந்தால் தான் என்ன பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். கொடுப்பதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை ஆன் செய்து பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான் என்றேன். உடனே என் லேப்டாப்பையே நிறுத்திவிட்டு அப்படிச் செய்து பார்த்தார். கண்ணை மூடியிருப்பதாக அவர்தான் சொன்னார். நான் நம்பினேன்.

"ஒண்ணுமே தெரியலயே சார்" என்றார் கொஞ்சம் பொறுத்து. அதற்குள் அது பேசிவிட்டது.

பழைய டிஸ்கை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். அதிலிருந்து மீதியை எடுக்க ஆட்கள் இருக்கிறார்கள், நகரத்துக்குள் கொண்டுபோக வேண்டும், கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார். பார்க்கலாம் என்று வாங்கிக்கொண்டேன். இன்னும் கொண்டுபோகவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் போக வேண்டும் என்று நினைக்கிறேன், அன்று பார்த்து உடம்பு எழுந்திருக்க மறுக்கிறது.

புதிய டிஸ்க் உண்மையில் வேகம்தான். ஆசிரியர் அறையில் பையைத் திறந்து பொத்தானை அழுத்திவிட்டு நிமிர்வதற்குள் பேசத் தொடங்குகிறது. முன்பு எட்டு நிமிடம் எனக்கென்று இருந்தது. இப்போது கேட்டவுடன் கொடுத்துவிட முடிகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், வேலை கூடியிருக்கிறது. பக்கத்து வகுப்பு மதிப்பெண் பட்டியலும் என்னிடம் வருகிறது. மறுத்துச் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

அரையாண்டுத் தேர்வு முடிந்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் பதினான்கையும் போட்டுப் பார்த்தேன். வரலாறு ஒன்றுகூட இல்லை. வந்ததெல்லாம் பி.எட். புத்தகங்கள், கல்வி உளவியல், கற்பித்தல் முறைகள். எந்தக் காலத்திலும் எனக்குப் பிடிக்காத பாடம். ஒன்றை ஓடவிட்டேன். மனைவி வந்து துணி மடிக்க உட்கார்ந்தாள். அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதில்லை.

கற்றல் வளைகோடு பற்றிய பகுதி. 'கீழே உள்ள படத்தைக் காண்க' என்று படித்துவிட்டு அவர் நிறுத்தினார். பிறகு புத்தகத்தில் இல்லாததைச் சொன்னார்: "இங்க ஒரு கோடு போட்டிருக்காங்க. கீழேருந்து மேல ஏறுது. முதல்ல வேகமா ஏறி, அப்புறம் நடுவுல கொஞ்ச தூரம் ஏறாம சமமாப் போகுது, அப்புறம் மறுபடி ஏறுது. புரியுதா? நான் இன்னொரு தடவை சொல்றேன்."

இன்னொரு தடவை சொன்னார்.

மனைவி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். எல்லாப் படத்துக்கும் இப்படித்தான் சொல்வாரா என்று விசாரித்தாள். ஆமாம் என்றேன். இத்தனை போய்விட்டதை அவருக்குச் சொன்னீர்களா என்று கேட்டாள். என்னிடம் இருப்பது பழைய லேண்ட்லைன் எண், அது வேலை செய்வதில்லை என்றேன். குரோம்பேட்டையில் எந்தத் தெரு என்றாள். தெரு ஞாபகம் இருந்தது, வீட்டு எண் தெரியவில்லை.

"ஒரு ஞாயித்துக்கிழமை போய்க் கேட்டுப் பாக்கலாம்" என்றாள். போகலாம் என்றேன். அதற்குள் மோட்டார் போட வேண்டும், தொட்டியில் தண்ணீர் இல்லை என்று அவள் எழுந்து போய்விட்டாள். நான் பதினான்கையும் ஒரு பென் டிரைவிலும், அவள் போனிலும் பிரதி எடுத்தேன். பிறகு ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் மதிப்பெண்களைப் பதிய ஆரம்பித்தேன். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.